சாட்சிக்குப் பெரியவர்களைக் கூப்பிட்ட அண்ணாவுக்கு

அன்பு அண்ணா,

நீ போய் இத்தனை வருஷம் ஆன பிறகும் உன்மேல் கோபப்படுவதை விடாத உன் தங்கச்சி எழுதுகிறேன். நம் தெருப் பையன்கள் மன்றம் வைத்து ஆண்டு மலர் போடுகிறார்கள். "உங்க அண்ணனப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்கக்கா, நல்ல மனுஷரு" என்று வந்து நின்றார்கள். நல்ல மனுஷர்தான், யார் இல்லை என்றது? ஆனால் நீ நல்லெண்ணத்தில் செய்துவிட்டுப் போன வேலையைச் சொல்ல நாலு வரி போதாது. அதனால் உன்னிடமே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் சேதி. தறிகள் எல்லாம் ஓடுகின்றன. கூடத்தில் ஒழுகின ஓடுகளை மாற்றிவிட்டேன். எதிர்வீட்டில் டி.வி. வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தறிக்குழியில் ஒரு ஆள்கூட உட்காருவதில்லை. எனக்குக் கொஞ்ச நாளாக இருமல். பெரிதாக ஒன்றுமில்லை, விடிகாலையில் மட்டும்தான். அந்த இருமலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், மறந்துவிடாதே.

படிக்கிறவர்களுக்காக ஒன்று. என் புருஷன் செத்த மாதமே தெள்ளாரில் என் மச்சினர், அதாவது அவருடைய தம்பி, என் தகரப் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்தார். பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு இங்கே என்ன வேலை என்றார். நீ வந்தாய். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாய், நான் பின்னால் வந்தேன். அண்ணியும் அதற்கு முன்பே பிள்ளை பெறாமல் போய்ச் சேர்ந்திருந்தாள். அன்று முதல் ஆரணியில் அந்தத் தறிவீடு உனக்கும் எனக்கும் என்று ஆயிற்று. நம் தம்பி தணிகாசலம் தறியே வேண்டாம் என்று போளூரில் ஜவுளிக்கடை வைத்துக்கொண்டு போய்விட்டான்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் உன்னை மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உன்னைப் பார்க்க நம் தெருவிலிருந்து சபாபதி மாமாவும் கன்னியப்ப மாமாவும் சாத்துக்குடிப் பையோடு பஸ் ஏறி வந்தார்கள். இரண்டு பேரும் உனக்கே மாமா முறை. நம் அப்பாவுக்குக் கூட்டாளிகள். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் பிளாஸ்கை என் கையில் கொடுத்தாய்.

"சகுந்தலா, போயி சுடுதண்ணி வாங்கினு வா. ஜல்தி ஒண்ணும் இல்ல. மெதுவா வா."

நான் திரும்பி வந்தபோது சபாபதி மாமா பேனாவை மூடிக்கொண்டிருந்தார். கன்னியப்ப மாமா என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். டாக்டர் ஏதோ சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன். வராண்டாவில் போய் நின்று அழுதேன். நீ உள்ளே வீட்டை என் பேருக்கு உயில் எழுதி, அதை நிறைவேற்றுகிற பொறுப்பையும் என் தலையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன் காரியம் முடிந்த அன்று சபாபதி மாமா அந்த உயிலை மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்து எல்லார் முன்னிலையிலும் தணிகா கையில் கொடுத்தார். அவன்தான் படித்தான். கடைசி வரிவரைக்கும் குரல் மாறாமல் படித்தான். மடித்துக் கொடுத்துவிட்டுக் கூடத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். ஒரு இடத்தில் தட்டினான், இரண்டடி தள்ளி இன்னொரு இடத்தில் தட்டினான்.

"நல்ல செவுருக்கா" என்றான். சாப்பிடாமல் போளூருக்குப் பஸ் ஏறிவிட்டான். அந்தத் தட்டுகிற சத்தம் எனக்கு வெகுநாள் காதில் இருந்தது.

நான் என்ன நினைத்தேன்? அண்ணன் எழுதி வைத்துவிட்டான், பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், வேலை முடிந்தது என்று நினைத்தேன். வீட்டு வரியை என் பேருக்கு மாற்றலாம் என்று உயிலை எடுத்துக்கொண்டு வரி ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா பொறுமையான ஆள். முழுக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இது எங்கம்மா போட்டது?"

"மெட்ராஸ் ஆஸ்பத்திரில, சார்."

"அடடா. இங்க ஆரணில போட்டிருந்தா இந்தப் பேஜாரே இல்ல. மெட்ராஸ் டவுனுக்குள்ள போட்ட உயிலு, ஹைகோர்ட்ல புரொபேட் வாங்கினு வரணும். அது இல்லாம நானு பேர மாத்துனா, நாளைக்கி உன் தம்பி வந்து என் சட்டையப் புடிப்பாரு."

அதே வீடு, அதே கையெழுத்து, அதே மனுஷன். ஊருக்குத் திரும்பி வந்து நம் கூடத்திலேயே உட்கார்ந்து போட்டிருந்தால் ஒரு கோர்ட்டும் வேண்டாமாம். உனக்கு அப்படி என்ன அவசரம் அண்ணா? திரும்ப மாட்டோம் என்று உனக்கு முன்பே தெரிந்துவிட்டதா?

மெட்ராசுக்குப் போக நான் நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சபாபதி மாமா போய்விட்டார். காலையில் தறிக்குழியில் இறங்கினவர் அப்படியே பாவு நூலின்மேல் சாய்ந்தார். நல்ல சாவு என்று தெருவே பேசிற்று. நானும் தலையை ஆட்டினேன். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவர் வக்கீல். பாரிமுனையில் பஸ் இறங்கி, அந்தச் சிவப்பு ஹைகோர்ட்டுக் கட்டடத்தின் எதிர்ச் சந்தில் மாடி ஏறிப் போனேன். புரொபேட் என்றால் என்ன என்று அவர் எனக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னார். செத்தவர் எழுதின கடைசி உயில் இதுதான், அதை அவர் சுயநினைவோடுதான் போட்டார் என்று கோர்ட்டு விசாரித்து முத்திரை வைத்துக் கொடுக்கிற தாள் அது.

"எங்க அண்ணன் போட்ட கையெழுத்துக்கு கோர்ட்டு சர்டிபிகேட் குடுக்கணுமா சார்?" என்று கேட்டேன். எனக்குக் கோபம்.

"அண்ணன் வந்து சொல்ல முடியாதில்லம்மா. அதனாலதான். அவருக்குப் பதிலா பேசறதுக்குன்னுதான் சாட்சி. சாட்சிக்காரங்க யாரு?"

சொன்னேன். ஒருவர் போய்விட்டார், இன்னொருவருக்கு இழுப்பு, உன்னைவிட ஒரு தலைமுறை மூத்தவர் என்றும் சொன்னேன். வக்கீல் நாற்காலியில் சாய்ந்து என்னையே பார்த்தார்.

"உங்க ஊர்ல சின்னப் பசங்களே கிடையாதாம்மா? நமக்கு அப்புறம் இருந்து சொல்றதுக்குத்தானே சாட்சி? நம்மளவிட வயசானவங்களையா கூப்பிடுவாங்க?"

அவருக்கு நம் தெரு வழக்கம் எப்படித் தெரியும்? தறியில் புதுப் பாவு ஏற்றுகிற நாளானாலும் சரி, பெண்ணுக்கு நிச்சயம் பண்ணினாலும் சரி, தெருவில் மூத்த இரண்டு பேரைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. சின்னப் பையனைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் பெரியவர்களை அவமதித்த மாதிரி. நீ அந்தப் படுக்கையில் கிடந்தும் மரியாதை தவறவில்லை. நரைத்த தலைகளாகப் பார்த்துத்தான் பேனாவைக் கொடுத்தாய். உன் மரியாதையால் என் வீடு ஒரு கிழவரின் மூச்சுக்குழாயில் போய்த் தொங்கியது.

"அவரும் போயிட்டா?" என்று கேட்டேன்.

"அப்பவும் வழி இருக்கு. கையெழுத்த அடையாளம் காட்ட ஆள வெச்சு நிரூபிக்கலாம். ஆனா உங்க தம்பி, 'அண்ணனுக்கு அன்னிக்கி நினைவே இல்ல'ன்னு சொல்லிட்டார்னு வையுங்க. அந்த ரூம்ல என்ன நடந்ததுன்னு சொல்ல யாரும்மா மிச்சம் இருப்பாங்க? நீங்களும் அங்க இல்ல. நீங்க இல்லாம இருந்தது ஒருவிதத்துல நல்லது. ஆனா அந்தப் பெரியவர் இருந்தே ஆகணும்."

மனு போட்டோம். கன்னியப்ப மாமா, தான் பார்த்துக் கையெழுத்துப் போட்டது உண்மை என்று எழுதிக் கொடுத்தார். செத்தவருக்குச் சொந்தம் என்று யார் இருக்கிறார்களோ அவர்களுக்குக் கோர்ட்டு நோட்டீஸ் அனுப்பும், அது சட்டப்படியான வேலை, தம்பி சம்மதம் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் சில மாதத்தில் முடிந்துவிடும் என்று வக்கீல் சொன்னார். நானும் நம்பினேன். முன்னாலேயே போளூருக்குப் போய் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறாயா? போனேன். அவன் கடையில் இல்லை. அவன் மகன் மூர்த்திதான் இருந்தான், கலர் சோடா வாங்கிக் கொடுத்தான். அப்பா கொள்முதலுக்குப் போயிருக்கிறார் என்றான்.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்தபோது தணிகா கடையில் கல்யாண ஜவுளி எடுக்க ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்ததாம். கோர்ட்டு முத்திரை போட்ட கவரை அத்தனை பேர் முன்னால் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். மறுநாளே ஆரணியில் வந்து நின்றான். வாசற்படி ஏறவில்லை.

"தம்பி மேலயே கேஸ் போட்டுட்டே இல்லக்கா?"

"கேஸ் இல்லடா தணிகா. தெரியப்படுத்துறாங்க, அவ்ளோதான். நீ சம்மதம்னு போட்டா முடிஞ்சுது."

"எங்க கடைல வந்து எம் பேரச் சொல்லிக் கூப்புட்டு, கோர்ட்டு கவரு குடுக்கறான். நானு இன்னா, திருடிட்டா ஓடிப்போனேன்? அண்ணன் என்னிய வெளிய தள்னாரு, நீ என்னிய கோர்ட்டுல ஏத்துனே. சரி. நானும் வரேன் கோர்ட்டுக்கு."

சம்மதம் கேட்ட தாள் சண்டைக்கு அழைத்த தாள் ஆகிவிட்டது. அவன் ஆட்சேபணை போட்டான். அண்ணனுக்கு அன்றைக்கு நினைவே இல்லை, யாரோ கையைப் பிடித்துப் போட்ட கையெழுத்து என்று எழுதினான். அதோடு நம் மனு வழக்காக மாறிவிட்டது. உயில் செல்லாது என்றால் பாதி வீடு அவனுக்கு. அந்தப் பாதியைக் குடோனுக்கு இடம் தேடுகிற ஒரு வியாபாரிக்குக் கொடுத்துவிடப்போவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒருநாள் அந்த வியாபாரியின் ஆட்கள் டேப்போடு வந்து, என்னைக் கேட்காமல் கூடத்தை அளந்தார்கள். தறிக்காரர்கள் நெய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அளந்த கோடு நடுத்தறியின் குழிக்கு மேலேயே போயிற்று.

அதற்குப் பிறகு எனக்கு உலகத்தில் ஒரே ஒரு சத்தம்தான். கன்னியப்ப மாமா வீடு நம் வீட்டுக்குப் பின்வீடு. ஒரே சுவர். விடிகாலையில் அவர் இருமுவது நம் சமையல்கட்டில் தெளிவாகக் கேட்கும். முன்பெல்லாம் எரிச்சலாக இருக்கும். இப்போது அந்த இருமல் கேட்டால்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். ஒருநாள் கேட்கவில்லை என்றால் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பேன், கையில் தீப்பெட்டியோடு. இருமல் வரும். சாமி, இன்றைக்கும் வீடு இருக்கிறது என்று மூச்சு விடுவேன்.

இட்லி அவித்து முதலில் அவருக்குக் கொண்டுபோவேன். காரமில்லாத சட்னி, வெந்நீர், துளசிக் கஷாயம். ஆமாம், வீட்டுக்காகத்தான் போனேன். பாசத்தில் போனேன் என்று இங்கே கதை விடமாட்டேன். இதில் என்ன தப்பு? அவர் மனைவி இல்லாதவர், மகன் பெங்களூரில் இருந்தான். வயிறு நிறைந்ததா இல்லையா?

ஆனால் நான் மட்டும் போகவில்லை. தணிகாவும் போக ஆரம்பித்தான். போளூரிலிருந்து வந்து, என் வீட்டு வாசலைத் தாண்டி, பின் தெருவில் நுழைந்து, "மாமா, ஒடம்பு எப்படி கீது?" என்று கட்டில் பக்கத்தில் உட்காருவான். ஹார்லிக்ஸ் பாட்டில் கொண்டுவந்தான். அந்தப் பாட்டிலைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"மாமா, அத குடிச்சியா?" என்று மறுநாள் கேட்டேன்.

கன்னியப்ப மாமா சிரித்தார். சிரித்தால் இழுப்பு வரும், அப்படியும் சிரித்தார். "மொதல்ல பூனைக்கி ஊத்தினேன். அது குடிச்சிட்டு நல்லாத்தான் கீது. அப்பால நானு குடிச்சேன்."

"சீ, நம்ம தணிகா அப்படிப்பட்டவனா?"

"நானு சொல்லலியே. நீதான் கேட்டே." பிறகு அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏம்மா சகுந்தலா, ரெண்டு பேரும் எம் மூச்ச எண்ணிகினு கீறீங்க. எனக்கு சாவுறதுக்கும் உங்ககிட்ட பர்மிஷன் கேக்கணுமா?"

தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் விடிந்ததும் மறுபடியும் சுவர்ப் பக்கம்தான் நின்றேன்.

வாய்தாமேல் வாய்தா. நீதிபதி லீவு என்றார்கள், எதிர்க்கட்சி வக்கீலுக்கு ஜுரம் என்றார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கன்னியப்ப மாமாவின் நெஞ்சுக்கூடு இன்னும் கொஞ்சம் துருத்திக்கொண்டு வந்தது. ஐப்பசி மழை முடிந்தது. மார்கழிப் பனியை அவர் தாங்கமாட்டார் என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். தணிகாவுக்கும் அது தெரியும். அவன் அவசரப்படவில்லை. பனி எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தான்.

நான் வக்கீல் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். சாட்சி மெட்ராஸ் வரமாட்டார், வந்தால் வழியிலேயே போய்விடுவார், என்ன செய்வீர்களோ செய்யுங்கள் என்றேன். அவர் மனுப் போட்டார், கோர்ட்டு ஒரு கமிஷனரை நியமித்தது. சாட்சியின் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் எழுதிக்கொள்கிற வக்கீல் அவர்.

கார்த்திகைக் கடைசியில் வந்தார்கள். கன்னியப்ப மாமா குளித்து, பட்டுக்கரை வேட்டி கட்டி, கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார். நம் வக்கீல், எதிர் வக்கீல், கமிஷனர், தணிகா, மூர்த்தி எல்லாரும் அந்தச் சின்ன அறையில். நான் கதவோரம் நின்றேன். அவருக்கு மூச்சு இழுக்கிற ஒவ்வொரு முறையும் நானும் சேர்ந்து இழுத்தேன்.

நம் வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகச் சொன்னார். அப்புறம் எதிர் வக்கீல் எழுந்தார்.

"அன்னிக்கி அவருக்கு நினைவு இல்லதானே, பெரியவரே?"

"நெனவு இல்லாதவனா, எம் வேட்டிக் கரையப் பாத்துட்டு 'மாமா, இது நம்ம ஊரு நெசவு இல்லியே, எவன்கிட்ட ஏமாந்தே'ன்னு கேப்பான்?"

கமிஷனர் எழுதுவதை நிறுத்திச் சிரித்துவிட்டார். நீ அப்படிக் கேட்டாயா அண்ணா? நிச்சயம் கேட்டிருப்பாய். அந்த நிமிஷம் உன் குரலே அந்த அறையில் கேட்ட மாதிரி இருந்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் எதிர் வக்கீல் உட்காரவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"தினமும் காலையில உங்களுக்கு இட்லி எங்கிருந்து வருது?"

அவர் மூச்சு நிற்கக்கூடாது என்று நான் கொண்டுபோன இட்லி, அவர் வார்த்தையை விலைக்கு வாங்கக் கொண்டுபோன இட்லியாக மாறி அந்த அறையின் நடுவில் வந்து நின்றது. தணிகா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னியப்ப மாமாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. பேச வாய் திறக்கிறார், சத்தம் வரவில்லை. நான் வெந்நீர் எடுத்துப்போகக் காலை எடுத்து வைத்தேன், நம் வக்கீல் கண்ணாலேயே வேண்டாம் என்று நிறுத்தினார். நான் கொடுக்கக்கூடாதாம். அவர் செத்துக்கொண்டிருந்தாலும் நான் கொடுக்கக்கூடாது. மூர்த்திதான் டம்ளரை எடுத்துக் கொடுத்தான்.

குடித்துவிட்டு மாமா நிமிர்ந்தார். "இவளும் இட்லி கொண்டாந்தா. உங்க கட்சிக்காரரும் ஹார்லிக்ஸ் கொண்டாந்தாரு. ரெண்டும் செமிச்சுப்போச்சு, சார். அன்னிக்கிப் போட்ட கையெழுத்து மட்டும் அப்படியே நின்னு கீது. வேற எதுனா கேளுங்க."

வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலையிலும் இட்லி எடுத்துக்கொண்டு போனேன். அவருக்கு ஆச்சரியம்.

"இன்னாத்துக்கு வந்தே? எல்லாத்தையும்தான் சொல்லிட்டனே."

"வாய மூடிகினு சாப்புடு மாமா."

அவர் சாப்பிட்டார். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். "வீடு உனுக்கு வந்துரும். அப்பால உனுக்கும் ஒருத்தன் எதுனா கொண்டாருவான், 'ஒடம்பு எப்படி கீது'ன்னு கேட்டுகினு. நீ எம் மூச்சு நிக்கக்கூடாதுன்னு வந்தே. உந்தம்பி நிக்கணும்னு வந்தான். நானும் தெனம் ரெண்டு மூஞ்சியும் பாத்தேம்மா. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு."

மார்கழி பிறந்து சில நாளில் ஒரு விடிகாலை சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. காதை வைத்துக்கொண்டு நின்றேன். தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். அவர் சாட்சி சொல்லி முடிந்திருந்தது, இனி அவர் இருக்கவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அப்படியும் ஓடினேன், அண்ணா. இதை மட்டும் நீ நம்பவேண்டும்.

புரொபேட் வந்தது. உன் உயிலின் நகல், அதன்மேல் கோர்ட்டு முத்திரை. வரியில் பேர் மாறிற்று. தணிகா இரண்டு வருஷம் வரவில்லை. பிறகு ஒரு பொங்கலுக்கு வந்தான், முடியெல்லாம் வெளுத்திருந்தது. சாப்பிட்டான். கை கழுவிக்கொண்டே, "அக்கா, அப்பால மூர்த்தி பேருக்கு எழுதிடு. நம்ம வீடு நம்ம ரத்தத்துல நிக்கட்டும்" என்றான். பார்க்கலாம்டா என்றேன்.

ஒரு சந்தேகம் கேட்க வக்கீலிடம் போனேன். நான் உயில் எழுதாமல் செத்தால் வீடு யாருக்கு, தணிகாவுக்குத்தானே என்றேன். இல்லையாம். பெண்பிள்ளைச் சொத்துக்குச் சட்டமே வேறாம். புருஷனும் பிள்ளையும் இல்லாதவள் உயில் எழுதாமல் போனால், அப்பா அம்மா வழியில் வந்த சொத்தாக இருந்தால் ஒழிய, அது புருஷன் வீட்டாருக்குப் போய்விடும். அண்ணன் கொடுத்தது அந்தக் கணக்கில் வராதாம். புரிகிறதா? என் பெட்டியைத் தெருவில் வைத்த அந்த மச்சினருக்கு நீ கட்டின வீடு. நான் அந்த மாடிப்படியை எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

தெள்ளாருக்கும் யாரோ இதைச் சொல்லியிருக்கிறார்கள். போன ஆடியில் என் மச்சினர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறார், அண்ணா! அத்தனை வருஷம் கழித்து. "ஒடம்பெல்லாம் எப்படி கீது, அண்ணி?" என்கிறார். இப்போது மாதம் தவறாமல் வருகிறார். என் இருமலுக்கு மருந்துகூடச் சொன்னார்.

மூர்த்தி கன்னியப்ப மாமாவின் வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறான். பட்டு வியாபாரத்துக்கு ஆரணிதான் வசதி என்கிறான். அதே பின்வீடு, அதே சுவர். நல்ல பையன், டம்ளர் எடுத்துக் கொடுத்தவன். தினமும் வருகிறான். நான் இன்னும் எழுதவில்லை என்றால் நான் இருக்கவேண்டும் என்று அவனுக்கும், போகவேண்டும் என்று தெள்ளாருக்கும் தோன்றும். அவன் பேருக்கு எழுதிவிட்டேன் என்றால் அன்றைக்கே அவரவர் வேண்டுதல் அப்படியே மாறிக்கொள்ளும். ஒருவேளை அவன் வெறும் பாசத்தில்தான் வருகிறானோ என்னவோ. என் வயிற்றெரிச்சலே அதுதான். பாசமாக இருந்தாலும் இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

நேற்று விடிகாலையில் எனக்கு இருமல் வரவில்லை. அசதியில் தூங்கிவிட்டேன். கதவு தட்டுகிற சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். மூர்த்தி நின்றான், கையில் ஹார்லிக்ஸ் பாட்டில்.

"அத்தே, இருமல் சத்தமே கேக்கல. அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கண்ணாடி போட்டுக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை அண்ணா. மாமா சொன்னது சரி. பாட்டிலை வாங்கி உள்ளே வைத்தேன். நம் வீட்டிலும் ஒரு பூனை இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் உயில் ஆரணி எல்லையைத் தாண்டிப் போடுகிற உயிலாக இருக்காது. சாட்சிக்கு நரைத்த தலை ஒன்றுகூட வராது. யார் முகத்தைப் பார்த்துப் பயந்தும் அதில் பேர் விழாது. அதைப் போட்டாயிற்றா, இனிமேல்தான் போடப்போகிறேனா என்பதை மட்டும் உன்னிடம்கூட இங்கே சொல்லமாட்டேன். நீ மட்டும் படிக்கிற கடிதமாக இருந்தால் சொல்லியிருப்பேன். இந்த மலரைப் போளூரிலும் படிப்பார்கள், தெள்ளாரிலும் படிப்பார்கள், சுவருக்கு அந்தப் பக்கமும் படிப்பார்கள். நான் இருக்கிறவரைக்கும் தினமும் விடிகாலையில், வந்தாலும் வராவிட்டாலும், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக இருமிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்து, உன் வீட்டில் இன்றைக்கும் உயிரோடு இருக்கும் தங்கச்சி,
சகுந்தலா